எதைவிடப் பசுமை?

சிவகாசி வட்டாரத்துப் பட்டாசு ஆலைகளில் ‘பச்சை உப்பு’ என்று கேட்டால் பேரியம் நைட்ரேட்டை எடுத்துக் கொடுப்பார்கள். பார்த்தால் அது வெள்ளைத் தூள்தான். பச்சை என்பது அதன் நிறமன்று, எரியும்போது அது தரும் சுடரின் நிறம். ஸ்ட்ரான்ஷியம் சேர்த்தால் சிவப்பு, சோடியம் சேர்த்தால் மஞ்சள், தாமிரம் சேர்த்தால் நீலம், பேரியம் சேர்த்தால் பச்சை. நிறத்துக்காக மட்டும் இந்த உப்பை வாங்குவதும் இல்லை. ஆக்சிஜனைக் கொடுத்து எரியவைக்கும் வேலையையும் அது செய்கிறது. அதனால் வெள்ளைப் பொறி சிந்தும் கம்பி மத்தாப்பின் மருந்திலும் அலுமினியப் பொடி, இரும்புத் தூளோடு அதுவும் சேர்ந்தது. 2018 அக்டோபர் 23 அன்று, பட்டாசு மாசுக்கு எதிரான அர்ஜுன் கோபால் வழக்கில் உச்ச நீதிமன்றம் பட்டாசில் பேரியம் உப்புகளைச் சேர்க்கத் தடை விதித்தது. நாடு முழுவதும் ‘கிரீன்’ பட்டாசுகளும் புகை குறைக்கப்பட்ட பட்டாசுகளும் மட்டுமே இனி தயாராகலாம், விற்கலாம் என்றது. ஆக, ஒரு பட்டாசு பசுமைப் பட்டாசு ஆகவேண்டுமானால் அதிலிருந்து பச்சை உப்பை முதலில் எடுத்துவிட வேண்டும். இதைச் சொற்களின் தற்செயல் விளையாட்டு என்று சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் அந்த ஓர் ஆங்கிலப் பெயரடை எப்படிப் பிறந்தது, எப்படிப் பொருள் மாறியது என்று பார்த்தால், விருதுநகர் மாவட்டத்தின் பிழைப்பு இன்று எந்தச் சொல்லின்மேல் நிற்கிறது என்பது தெரியும்.

ஆங்கிலத்தில் கிரீன் என்ற சொல் நிறத்தின் பெயராகத் தொடங்கியதாகத் தெரியவில்லை. வளர்தலைக் குறிக்கும் ‘குரோ’, புல்லைக் குறிக்கும் ‘கிராஸ்’ இரண்டும் அதன் உடன்பிறப்புகள். மூன்றும் ஜெர்மானிய மொழிகளின் ஒரே வேரிலிருந்து வந்தவை. வளர்கிற எதுவோ அது கிரீன். வளர்கிறது என்றால் இன்னும் முற்றவில்லை என்றும் ஆகுமல்லவா? அதனால் காயாத மரமும் கிரீன், பழுக்காத காயும் கிரீன், வேலை தெரியாத புது ஆளும் கிரீன். தமிழும் தன் வழியில் இதே இடத்துக்கு வந்திருக்கிறது. பச்சை மரம், பச்சைக் காய், பச்சை மண், பச்சைக் குழந்தை, சூளையில் வேகாத பச்சைக் கல் என்று நாம் சொல்லும் எதிலும் நிறம் பெரிதில்லை. பக்குவப்படாதது, ஈரம் போகாதது என்பதே பொருள். பச்சைப் பொய், பச்சையாகப் பேசுவது என்று போனால் நாகரிகப் பூச்சு இல்லாதது என்றும் ஆகிறது. இந்த இரண்டு மொழிகளிலும் அந்தச் சொல் ஆதியில் நற்சான்றிதழாக இருந்ததில்லை. நிறமும் அப்படித்தான். 1775இல் ஸ்வீடனைச் சேர்ந்த வேதியியலர் கார்ல் ஷீலே ஒரு பச்சைச் சாயத்தைக் கண்டுபிடித்தார். பத்தொன்பதாம் நூற்றாண்டு ஐரோப்பாவில் வீட்டுச் சுவர்த்தாளிலும் துணியிலும் பரவிய அந்தக் கண்ணைக் கவரும் பச்சை, தாமிரமும் ஆர்சனிக்கும் சேர்ந்த விஷம்.

சுற்றுச்சூழலுக்கு நல்லது என்ற இன்றைய பொருள் அந்தச் சொல்லுக்கு மிகச் சமீபத்தில் வந்தது. வந்த விதமும் கவனிக்க வேண்டியது. 1968 மார்ச்சில் அமெரிக்க வெளிநாட்டு உதவி முகமையின் தலைவர் வில்லியம் காட் ஒரு கூட்டத்தில் ‘கிரீன் ரெவல்யூஷன்’ என்ற தொடரை எடுத்து விட்டார். சோவியத்தின் சிவப்புப் புரட்சிக்கும் ஈரான் ஷாவின் வெள்ளைப் புரட்சிக்கும் மாற்றாக அவர் அதை வைத்தார். அங்கே பச்சை என்றால் உரமும் பாசனமும் புதுரக விதையும் சேர்ந்து தரும் விளைச்சல். அடுத்த சில ஆண்டுகளில் ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரில் கட்டடத் தொழிலாளர் சங்கம் ஒன்று, ஜாக் மண்டியின் தலைமையில், பழைய குடியிருப்புகளையும் புதர்க்காடுகளையும் இடிக்கிற வேலைகளைச் செய்ய மறுத்தது. தொழிற்சங்கங்கள் ஒரு வேலையைப் புறக்கணித்தால் அதைக் கறுப்புத் தடை என்பது அங்கே வழக்கு. கூலிக்காக இல்லாமல் ஊருக்காகச் செய்த இந்தப் புறக்கணிப்புக்குப் ‘பச்சைத் தடை’ என்று பெயர் வந்தது. 1980இல் மேற்கு ஜெர்மனியில் பசுமைக் கட்சி பிறந்தது. அணு உலைக்கும் வேதித் தொழிற்சாலைக்கும் எதிராக நின்ற கட்சி அது. காட் புகழ்ந்த ரசாயன உரம்கூட இந்தப் பசுமைக்காரர்களின் கண்ணில் குற்றவாளிதான். பன்னிரண்டு ஆண்டுகளுக்குள் ஒரே சொல் எதிரெதிர் முகாம்களின் கொடியாக நின்றிருக்கிறது.

இது எப்படிச் சாத்தியமானது? ஒவ்வொரு முறையும் அந்தச் சொல் தனித்து நிற்காமல் வேறொன்றுக்கு மாற்றாக வந்து நின்றதால்தான். வில்லியம் காட் சொன்ன பச்சை சிவப்பின் மாற்று. சிட்னிக்குக் கறுப்பின் மாற்று. ஜெர்மானியருக்கு ஆலைப்புகையின் மாற்று. ஒரு பொருளுக்குள் இருக்கும் குணத்தைச் சொல்லும் பெயரடை ஒரு வகை: இனிப்பான, கனமான, சூடான. ஒன்றை இன்னொன்றோடு வைத்துப் பார்த்தால்தான் பொருள் கிடைக்கும் பெயரடை இன்னொரு வகை: மூத்த, குறைந்த, மலிவான. நவீன கிரீன் பார்வைக்கு முதல் வகை போல இருக்கும் இரண்டாம் வகைச் சொல். எதைவிட என்ற கேள்வி அதன் வயிற்றுக்குள் இருக்கிறது; வெளியே தெரிவதில்லை. பட்டாசு விவகாரத்தில் நடந்த குழப்பம் பெரும்பாலும் இந்த மறைந்த கேள்வியால் வந்தது என்பதே இந்தக் கட்டுரையின் வாதம்.

பசுமைப் பட்டாசு என்றால் என்ன என்பதை வகுத்தது நாக்பூரில் உள்ள தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆராய்ச்சி நிறுவனம், சுருக்கமாக நீரி. அந்த வரையறையில் உள்ளவை இவை: பட்டாசின் உறை சிறிதாக வேண்டும், சாம்பல் கூடாது, மூலப்பொருளின் அளவு குறைய வேண்டும், தூசியை அடக்கும் பொருள் எதையாவது கலவையில் சேர்க்க வேண்டும். மொத்தத்தில் வழக்கமான பட்டாசோடு ஒப்பிட்டால் நுண்துகள் 30 சதவீதமாவது குறைய வேண்டும். நிறுவனம் முதலில் மூன்று கலவைகளைக் காட்டியது. ஸ்வாஸ் என்பது வெடிக்கும்போது நீராவியை விட்டுத் தூசியை அமுக்குவது. ஸ்டார் என்பதில் வெடியுப்பும் கந்தகமும் இல்லை. சஃபல் என்பதில் அலுமினியம் மிகக் குறைவு. 2019 அக்டோபரில் அப்போதைய மத்திய அமைச்சர் ஹர்ஷ வர்தன் டெல்லியில் இவற்றை வெளியிட்டார். பெட்டியில் பச்சை முத்திரையும், அலைபேசியில் வருடிப் பார்க்கும் கியூஆர் குறியீடும் வந்தன. சிவகாசியிலேயே மூலப்பொருளைப் பரிசோதிக்கும் கூடமும் அமைந்தது. இந்த வரையறையைத் திரும்பப் படித்தால் ஒன்று தெரியும். சிறிய, குறைந்த, அடக்கும் என்று எல்லாமே ஒப்பீட்டுச் சொற்கள். இந்தப் பட்டாசு காற்றுக்கு நல்லது என்று நீரி எங்கும் சொல்லவில்லை. முன்னதைவிடக் கெடுதல் குறைவு என்றுதான் சொன்னது. அது உண்மையான, அளந்து பார்க்கக்கூடிய முன்னேற்றம். அதைக் கேலி செய்ய ஒன்றுமில்லை.

கேள்வி, அந்த 30 சதவீதம் எதற்கு என்பது. ஒரு வெடிக்கு. தெருவுக்கோ ஊருக்கோ ஓர் இரவுக்கோ அல்ல. பழைய பட்டாசு நூறு கொளுத்தினால் எழும் தூசியை, புதியது 143 கொளுத்தினால் எட்டிவிடலாம். வகுத்துப் பார்த்தால் கிடைக்கும் சாதாரணக் கணக்கு. வீட்டில் குழந்தை “இது பசுமைப் பட்டாசுதானே, இன்னொரு பெட்டி வாங்கலாமே” என்று கேட்டால், பெட்டிமேல் உள்ள அந்தப் பெயரடையில் மறுப்பதற்கு எதுவும் இல்லை. ‘முப்பது சதவீதம் குறைவு’ என்று எழுதியிருந்தால் மீதி எழுபது என்ன என்று குழந்தைக்குக்கூடக் கேட்கத் தோன்றும். உறை சிறிதாகி மருந்து குறைந்ததும் வரையறையின் ஒரு பகுதி என்பதால், பழைய அளவுக்குச் சத்தமும் வெளிச்சமும் வேண்டுவோர் கூடுதலாக வாங்குவதற்கும் காரணம் உண்டு.

தமிழில் இது இன்னும் ஒரு படி ஏறியது. கிரீன் என்பதைப் பச்சை என்றும் சொல்லலாம், பசுமை என்றும் சொல்லலாம். பச்சையில் பழுக்காததும் பக்குவமில்லாததும் உண்டு. ஆங்கிலச் சொல்லிலும் அப்படியே. பசுமைக்கு அந்தக் குறையெல்லாம் இல்லை. பசுமையான வயல், பசுமையான நினைவு என்று நல்லதற்கு மட்டும் அதை வைத்திருக்கிறோம். அரசு அறிவிப்பும் நாளிதழும் பசுமைப் பட்டாசு என்று எழுதியபோது, மூலத்தில் இல்லாத ஒரு குளிர்ச்சி தானாகவே அதன்மேல் படிந்தது. யாரும் திட்டமிட்டுச் செய்ததல்ல. பச்சைப் பட்டாசு என்று எழுதியிருந்தால் பச்சை நிறத்தில் எரியும் பட்டாசு என்று நினைத்திருப்பார்கள் என்பதும் உண்மைதான்.

இதைவிட வேடிக்கை, சரியான பெயர் கையிலேயே இருந்தது. 2018ஆம் ஆண்டு உத்தரவு, அனுமதிக்கப்பட்ட பட்டாசுகளை இரண்டு பெயரால் குறித்தது: உமிழ்வு குறைக்கப்பட்ட (அதாவது மேம்படுத்தப்பட்ட) பட்டாசு என்பது ஒன்று, கிரீன் பட்டாசு என்பது மற்றொன்று. முதல் பெயரில் ஒப்பீடு வெளிப்படையாக இருக்கிறது. எதைக் குறைத்தார்கள், எதைவிட என்ற கேள்வியைக் கேட்கத் தூண்டும் பெயர் அது. இரண்டாவதில் ஒப்பீடு ஒளிந்திருக்கிறது. விளம்பரமும் வியாபாரமும் நிர்வாகமும் எதை எடுத்துக்கொண்டன என்பதைச் சொல்லவேண்டியதில்லை. இன்று முதல் பெயரை வழக்குக் கட்டுகளுக்கு வெளியே காண்பது அரிது.

பெயரில் என்ன இருக்கிறது என்று கேட்பவர்கள் உண்டு. அந்தக் கேள்வி லேசானதல்ல. தமிழன் நாகத்துக்கு நல்ல பாம்பு என்று பெயர் வைத்திருக்கிறான். அதற்காக அதைக் கையில் பிடித்துப் பார்ப்பதில்லை. பெயரடை பெயரோடு ஒட்டியபின் அதன் தனிப்பொருள் தேய்ந்துபோகும், பசுமைப் பட்டாசும் வெறும் ஒரு ரகத்தின் பெயராகிவிடும் என்பது அவர்கள் வாதம். ஆனால் நல்ல பாம்பின் விஷத்தைப் பற்றி ஊருக்கு நூற்றாண்டுகளின் அறிவு இருக்கிறது. பெயர் என்ன சொன்னாலும் அந்த அறிவு திருத்திக்கொள்ளும். கண்ணுக்குத் தெரியாத நுண்துகளைப் பற்றி அப்படி ஓர் ஊரறிவு இன்னும் வளரவில்லை. வாங்குபவருக்குக் கிடைக்கும் ஒரே தகவல் பெட்டிமேல் உள்ள சொல்தான். அதோடு, நல்ல பாம்பை யாரும் பெட்டியில் அடைத்து விற்பதும் இல்லை.

இரண்டாவது மறுப்பு இதைவிடக் கனமானது. அந்தச் சொல் இல்லாவிட்டால் சிவகாசி என்ன ஆகியிருக்கும்? அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1920களின் தொடக்கத்தில் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுவந்த காலத்திலிருந்து, மழை குறைந்த இந்தக் கரிசல் காட்டுக்கு நெருப்புதான் விளைச்சல். தீப்பெட்டி ஆபீஸ் முதலில், 1940 வாக்கில் பட்டாசு, அச்சுத்தொழில் என்று அது கிளைவிட்டது. இந்தியாவில் வெடிக்கும் பட்டாசில் பத்தில் ஒன்பது பங்கு இந்த வட்டாரத்தில் தயாராவதாகச் சொல்வார்கள். சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை ஊர்களில் ஒரு வீட்டைக் காட்டி இங்கே யாரும் ஆலைக்குப் போவதில்லை என்று சொல்வது கடினம். அர்ஜுன் கோபால் வழக்கில் மனுதாரர்கள் கேட்டது முழுத் தடை. மூச்சுவிடும் உரிமை ஒரு பக்கம், தொழில் செய்யும் உரிமை மறுபக்கம் என்று நீதிமன்றம் நிறுத்துப் பார்த்து, இடையில் கண்ட ஒற்றையடிப் பாதைதான் கிரீன். அந்தச் சொல் இடைவெளியில் நுழைந்து இலட்சக்கணக்கானோரின் கூலியைக் காப்பாற்றியது. இதை மறுக்கும் யோக்கியதை ஏசி அறையில் உட்கார்ந்து சூழல் பேசுபவருக்கு இல்லை.

ஒப்புக்கொள்வோம். ஆனால் இரவல் நகை எத்தனை நாளைக்கு? ஒரு பெயரடை தான் தருவதைவிட அதிகமாக வாக்களித்தால், வாக்குத் தவறியதாகக் குற்றம் வரும் நாளும் வரும். வந்தது. 2021 அக்டோபரில், தடை செய்த பேரியம் இன்னும் புழங்குவதாக வந்த சிபிஐ அறிக்கையைப் பார்த்த உச்ச நீதிமன்றம், பசுமை என்ற பெயரின் மறைவில் தடைசெய்யப்பட்டவை வருவதைக் கண்டித்தது. 2023 செப்டம்பரில், மேம்படுத்திய கலவையில் குறைந்த அளவு பேரியத்தையாவது சேர்க்க அனுமதி வேண்டும், சரவெடிக்கும் அனுமதி வேண்டும் என்று உற்பத்தியாளர்கள் கேட்டபோது மறுத்தது. 2025 ஏப்ரலில் டெல்லி வட்டாரத்தில் எல்லாப் பட்டாசுக்கும் இருந்த தடையைத் தளர்த்தக் கோரியபோது, பசுமைப் பட்டாசின் மாசு மிக மிகக் குறைவு என்று நிரூபிக்காதவரை பேச்சே இல்லை என்றது ஓர் அமர்வு. அதே ஆண்டு அக்டோபரில் வேறோர் அமர்வு, தீபாவளியை ஒட்டிச் சில நாட்களுக்கு, நேரம் குறித்து, அதே பட்டாசை அதே டெல்லியில் அனுமதித்தது. முதல் அமர்வு சுத்தத்தோடு ஒப்பிட்டது. இரண்டாவது அமர்வின் சமரசம், கள்ளத்தனமாக உள்ளே வரும் பழைய பட்டாசோடு ஒப்பிட்டால்தான் பொருள்படுகிறது. இரண்டும் பிழையில்லை. எதைவிட என்பதைச் சொல்லாத ஒரு சொல்லை வைத்துக்கொண்டு பிழைக்கும் தொழில், ஆறே மாதத்தில் இப்படி மூடித் திறக்கும் கதவுக்கு முன்னால்தான் நிற்க வேண்டியிருக்கும். ஜனவரியில் கூலி கொடுத்துத் தயாரித்த சரக்கு ஐப்பசியில் விற்குமா என்பதை அந்தக் கதவு தீர்மானிக்கிறது. தெளிவான பெயர் சூழல்வாதிகளைவிட ஆலைக்காரர்களுக்கே அதிகம் தேவை என்பேன்.

இன்னொரு ‘எதைவிட’வும், இன்னொரு ‘யாருக்கு’வும் பாக்கி இருக்கிறது. நீரி வைத்த மூன்று பெயர்களும் ஆங்கிலச் சுருக்கங்கள். மூன்றையும் விரித்தால் முதல் சொல் ஒன்றே: ‘சேஃப்’, பாதுகாப்பான. யாருக்குப் பாதுகாப்பு? வெடிப்பவரின் மூச்சுக்கு, ஓரளவுக்கு. மருந்துக் கலவை அறையில் உட்கார்ந்திருப்பவரைப் பற்றி அந்தப் பெயரடையும் பேசவில்லை, கிரீனும் பேசவில்லை. 2012 செப்டம்பரில் முதலிப்பட்டியில் 40 பேர் அளவில் இறந்தது பழைய பட்டாசின் காலம். 2021 பிப்ரவரியில் சாத்தூர் அருகே அச்சங்குளத்தில் 20 பேருக்கு மேல் இறந்ததும், 2023 அக்டோபரில் சிவகாசி அருகே ரெங்கபாளையத்தில் 10 பேருக்கு மேல் இறந்ததும் பசுமையின் காலம். ஒவ்வொரு விபத்துக்குப் பிறகும் நாளிதழில் வரும் காரணம் ஏறக்குறைய ஒரே வாக்கியம்: மருந்து கலக்கும்போது அல்லது செலுத்தும்போது ஏற்பட்ட உராய்வு. அனுமதித்த ஆளுக்குமேல் ஆளை உட்காரவைப்பது, ஆலையை உள்குத்தகைக்கு விடுவது, மரத்தடியில் வைத்து வேலை வாங்குவது போன்றவை விபத்துக்குப்பின் திரும்பத் திரும்பப் பேசப்படுபவை. தூசி குறைந்தாலும் இவற்றில் எதுவும் குறையாது. டெல்லிக்காரரின் நுரையீரலை அளவுகோலாக வைத்துப் பிறந்த சொல்லுக்கு அச்சங்குளத்துப் பெண்ணின் கை தெரியாமல் போனதில் வியப்பில்லை. ஆனால் முத்திரையைப் பார்க்கும் வாங்குபவர் அதில் எல்லா நன்மையும் அடங்கியதாகத்தானே எடுத்துக்கொள்கிறார்?

2024 அக்டோபரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம், பொய்யான பசுமை விளம்பரத்துக்கு எதிராக வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. கிரீன், சுத்தமானது, சூழலுக்கு உகந்தது போன்ற பொதுச் சொற்களைத் தகுந்த விளக்கமும் ஆதாரமும் இல்லாமல் பயன்படுத்தக் கூடாது. ஒப்பிட்டால் எதோடு, எந்த அம்சத்தில் என்று சொல்ல வேண்டும் என்பது அதன் சாரம். எங்கள் பட்டாசுக்கு அரசு நிறுவனமே சான்று தந்திருக்கிறதே என்று ஆலைக்காரர் கேட்டால் அதிலும் நியாயம் உண்டு, ஆதாரம் இருக்கிறது. இல்லாதது விளக்கம். அதைக் கியூஆர் குறியீட்டுக்குள் ஒளித்துவைக்காமல் பெட்டியின் முகத்திலேயே அச்சிடலாம்: வழக்கமான பட்டாசைவிட நுண்துகள் இவ்வளவு குறைவு, பேரியம் இல்லை, சத்தம் இவ்வளவு, தயாரித்த ஆலையின் உரிம எண் இது. பெயரைப் ‘புகை குறைந்த பட்டாசு’ என்று வைத்தாலும் வாங்குவோர் வாங்கத்தான் செய்வார்கள். கொழுப்பு குறைந்த பால் விற்காமலா கிடக்கிறது? அச்சுக்கூடத்துக்குப் பஞ்சமில்லாத ஊர் சிவகாசி. பட்டாசுப் பெட்டியின் லேபிள்களைப் பலகாலமாகத் தானே அச்சிட்டு ஒட்டிவரும் ஊருக்கு இன்னும் நான்கு வரி சேர்ப்பது ஒரு செலவாகவே இராது.